சௌரிராஜன் புல் நீலன்

தல்லாகுளத்தில் 'தென்மண்டல வண்ணத்துப்பூச்சி வகை அடையாள வாரியம்' என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. இப்படி ஒன்று இருப்பது வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒன்றுகூட மதுரைப் பக்கம் பறந்திருக்காது.

ஐரினுக்கும் தெரியாமல்தான் இருந்தது. கோரிப்பாளையத்தில் வீடு, மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் விலங்கியல் டீச்சர் வேலை. கணவர் லாசர் பைக் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கேஸ் சிலிண்டர் வரத் தாமதமானால்கூட ஏஜென்சிக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவது லாசர்தான். ஐரின் பின்னால் நின்றுகொண்டு, "மெதுவா பேசுங்க, அவங்களும் மனுசங்கதான" என்பாள். அவளை அரசாங்க அலுவலகத்தில் சண்டை போடுகிற பெண்ணாக மாற்றியது விரல் நகத்தளவே இருந்த ஒரு நீலப் பூச்சி.

மழை ஓய்ந்த கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, பிளஸ் ஒன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழக்குயில்குடி போயிருந்தாள். பிள்ளைகள் தாமரைக் குளத்தின் முன்னால் நின்று ஒருவரையொருவர் படமெடுத்துக்கொண்டிருக்க, ஐரின் சமண மலைக்குப் பின்னால் இருந்த மேய்ச்சல் தரையில் இறங்கி நடந்தாள். முழங்கால் உயரத்துக்குப் புல். இடையிடையே தரையோடு படர்ந்து மஞ்சள் பூத்த நெருஞ்சி. அந்தப் பூக்களின் மேல் புல் நீலன் என்கிற சின்ன வண்ணத்துப்பூச்சிகள் எழும்பி எழும்பி உட்கார்ந்தன.

புல் நீலன் ஒன்றும் அதிசயமில்லை. பள்ளிக்கூட மைதானத்திலேயே பார்க்கலாம். ஆனால் இவை இறக்கையை மடித்து உட்கார்ந்தபோது ஐரின் குனிந்து பார்த்தாள். இறக்கையின் அடிப்பக்கத்தில் வரிசையாகப் புள்ளிகள். அவளுக்குத் தெரிந்தவரை, சமவெளி வகைக்குப் புள்ளிகள் தனித்தனியாக இருக்கும். மலை வகைக்குத்தான் இரண்டு புள்ளிகள் ஒட்டியிருக்கும். இங்கே சமவெளியில், ஒட்டிய புள்ளிகளோடு ஒரு கூட்டமே பறந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்தவையா, இந்தப் புல்லுக்கே உரிய தனி வகையா, அல்லது மழைக்காலத்தில் மட்டும் வருகிற மாற்றமா? அவளுக்குத் தெரியவில்லை. தெரியாதது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மொபைலில் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லா எடுத்துக்கங்க டீச்சர்" என்றார் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த விருமாண்டி. "அடுத்த வருசம் வந்தா இருக்காது."

புல்லுக்குள் சிவப்புச் சாயம் அடித்த கற்கள் நட்டிருந்ததைக் காட்டினார். ஏதோ அரசாங்கக் கட்டடம் வருகிறதாம்.

"என்ன கட்டடம்ண்ணே?"

"கேட்டா, கட்டி முடிச்சதும் தெரிஞ்சிரும்ங்கிறாங்க. இம்புட்டுப் பெரிய ஊருல வேற எடமே கெடைக்கலையாம்."

ஆட்சேபணை கேட்கிற கூட்டத்துக்கு விருமாண்டியோடு ஐரினும் போனாள். அங்கிருந்த அதிகாரி தன்மையாகவே பேசினார். ஆடு மேய்வது ஆட்சேபணை ஆகாது. அபூர்வமான உயிரினம் ஏதாவது இருந்தால் யோசிக்கலாம். ஆனால் அது இன்ன வகைதான் என்று வாரியம் சான்று தர வேண்டும் என்றார். அப்படித்தான் ஐரின் தல்லாகுளத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

வாரியத்தின் தொழில்நுட்ப அலுவலர் பாலமுரளி இளைஞன், மரியாதை தெரிந்தவன். அவள் மொபைலில் காட்டிய படங்களை முகம் மலரப் பார்த்தான்.

"அழகா இருக்கு மேடம். ஆனா செல்லாது."

"ஏன் சார்?"

"போட்டோவுல இருக்கறது வெளிச்சம். பூச்சி இல்ல. எங்களுக்கு மாதிரி வேணும். செத்த பூச்சி, இறக்கை சேதமில்லாம."

"புடிச்சு, கொன்னு கொண்டாரணுமா?"

"ஐயையோ! அனுமதியில்லாமக் கொன்னா உங்க மேல கேஸ் ஆயிரும்."

"அப்ப அனுமதி குடுங்க."

"என்ன பூச்சின்னு சொல்லுங்க, குடுக்கறோம்."

"என்ன பூச்சின்னு கேக்கத்தான சார் வந்திருக்கேன்?"

பாலமுரளி இரக்கத்தோடு அவளைப் பார்த்தான். "பேரு தெரியாத பூச்சியக் கொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்ல மேடம். பேரு தெரிஞ்சிட்டா கொல்ல அவசியம் இல்ல. இதுவரைக்கும் இந்த ஆபீஸ்ல ஒரு பூச்சிக்கும் தப்பா பேரு வச்சதில்லைங்கறது எங்களுக்கு ஒரு பெருமை."

"சரியா வச்சிருக்கீங்களா?"

"வச்சாத்தான மேடம் சரி தப்பு வரும்?"

இயற்கையாகச் செத்த பூச்சி என்றால் ஏற்றுக்கொள்வார்களாம். ஐரின் மறுபடி கீழக்குயில்குடிக்குப் போய் வெயிலில் அலைந்தாள். கடைசியில் சிலந்தி வலையில் ஒன்று கிடைத்தது. பஞ்சு வைத்த சின்ன டப்பாவில் அதை எடுத்து வந்தபோது பாலமுரளி தலையைச் சொறிந்தான். சிலந்தி கொன்றிருந்தால் அது இயற்கை மரணமா, கொலையா என்று கால்நடை மருத்துவர் எழுதித் தர வேண்டும் என்றான். கால்நடை மருத்துவர் டப்பாவைத் திறந்து பார்த்தார், பிறகு ஐரினைப் பார்த்தார், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். மாடு ஒன்று பிரசவத்துக்குக் காத்திருந்ததால், "இயற்கை" என்று ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அந்த வேலையாக அலைந்ததில் ஐரினிடம் நியாயமாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

அப்புறம் வகை நிர்ணயக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நீளமான மேசை. சுற்றிலும் பக்கத்து மாவட்டப் பிரதிநிதிகள். ஆளுக்கொரு தட்டில் போண்டா. நடுவில் வாரியத் தலைவர் சௌரிராஜன், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் தங்க நிறத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சிக் குத்தூசி. ஐரினுக்கு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சௌரிராஜன் எழுந்தார்.

"நண்பர்களே! மதுரைக்குன்னு தனியா மல்லிகை உண்டு. மதுரைக்குன்னு தனியா சேலை உண்டு. மதுரைக்குன்னு ஒரு வண்ணத்துப்பூச்சி வகை உண்டா? கிடையாது. நான் இந்த நாற்காலியில இருக்கும்போதே கிடையாதுன்னா, அது எனக்கு நேர்ந்த அவமானம். சிலர் சொல்லுவாங்க, வகைங்கறது இயற்கையா உருவாகறதுன்னு. இல்லை. வகை நிர்வாக வசதிக்காக உருவாகறது. பூச்சிக்கு மாவட்ட எல்லை தெரியுமான்னு கேப்பாங்க. அதுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அதனாலதான் நாம நாற்காலியில இருக்கோம், அது புல்லுல இருக்கு."

கைதட்டினார்கள்.

திண்டுக்கல் பிரதிநிதி எழுந்து, புள்ளி ஒட்டியிருப்பது மலை வகை, சிறுமலை எங்களிடம் இருக்கிறது, ஆகவே இது திண்டுக்கல் பூச்சி என்றார். சிவகங்கைப் பிரதிநிதி, அது கிழக்கு நோக்கிப் பறந்ததாக டீச்சரே விண்ணப்பத்தில் எழுதியிருப்பதால் எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த பூச்சியை வழியில் மறித்திருக்கிறார்கள் என்றார். ஐரின் கையைத் தூக்கினாள். யாரும் பார்க்கவில்லை. நெடுநேரம் பேசி ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். ஒட்டியிருக்கிற இரண்டு புள்ளிகளில் இடதுபுள்ளி மதுரைக்கு, வலதுபுள்ளி திண்டுக்கல்லுக்கு. சிவகங்கைக்கு அடுத்த பூச்சியில் முன்னுரிமை.

"சார், ஒரு தடவ பூச்சியப் பாருங்க" என்று ஐரின் எழுந்து நின்றாள். குரல் நடுங்கியது. "டப்பாவுலதான் இருக்கு. இது எந்த வகைன்னு நெசமாவே எனக்குத் தெரியலை. உங்கள்ல யாருக்காச்சும் தெரிஞ்சாச் சொல்லுங்க. அம்புட்டுத்தான் நான் கேக்கறது."

அப்படி ஒரு கேள்வியை அந்த மேசையில் யாரும் கேட்டதில்லை. ஐரின் டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்தாள். அந்த நேரம் பார்த்து, அதுவரை போயிருந்த கரண்ட் வந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றது. காய்ந்து சருகாகியிருந்த பூச்சி எழும்பி, பொடிப்பொடியாகப் பிரிந்து, தேங்காய்ச் சட்னியில் விழுந்தது.

சௌரிராஜன் சட்னிக் கிண்ணத்தைச் சற்றே நகர்த்தி வைத்தார்.

"பரவாயில்லை. பொருள் கையில இல்லாதப்போ அதப் பத்தின விவாதம் தெளிவா நடக்கும். அடுத்து நேரடி ஆய்வு."

வீட்டுக்கு வந்து அன்று ஐரின் சமைக்கவில்லை. லாசர் பரோட்டா வாங்கி வந்தார்.

"ஒரு பூச்சிக்காக ஏன் இம்புட்டு அலையற? விடேன்" என்றார்.

"பூச்சிக்காக இல்லங்க. நான் ஒரு கேள்வி கேட்டேன். தெரியலைன்னு சொல்லியிருந்தாக்கூட எந்திரிச்சு வந்திருப்பேன். யாரும் குனிஞ்சுகூடப் பாக்கலையே!" என்று கத்தினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் லாசர் அந்தக் குரலைக் கேட்டதில்லை. பரோட்டாப் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் பிரித்தார்.

நேரடி ஆய்வுக்கு வண்டிகள் வரிசையாகக் கீழக்குயில்குடிக்கு வந்தன. சௌரிராஜன் இறங்கினார். பின்னாலேயே ஒருவர் குடை பிடித்தார். மெல்லிய செருப்போடு புல்லுக்குள் நாலு எட்டு வைத்ததும், "அம்மா!" என்று அலறி ஒற்றைக் காலில் நின்றார். நெருஞ்சி முள்.

"என்ன செடி இது? ஒரு அதிகாரி வந்து போற எடமா இது?"

"அதுதான் சார் முக்கியமான செடி" என்று ஐரின் ஓடினாள். "அதுலதான் முட்டையிடும். புழு அதத்தான் திங்கும். அது இல்லைன்னா பூச்சி இல்லை. அந்தா பாருங்க, உங்க கால்கிட்டயே உக்காந்திருக்கு. கொஞ்சம் குனிஞ்சீங்கன்னா புள்ளி தெரியும்."

சௌரிராஜன் குனிந்தார். பாதத்திலிருந்து முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாலமுரளி, குறிச்சுக்குங்க. ஆய்வுக்குத் தகுந்த நிலையில தரை இல்லை. பூச்சிகள வசதியாப் பார்வையிட ஏதுவா மொதல்ல தரையச் சீர்படுத்தணும்."

"சீர்படுத்தறதுன்னா?" என்றாள் ஐரின்.

"பயப்படாதீங்கம்மா. பூச்சியத் தொட மாட்டோம்."

பூச்சியை அவர்கள் தொடவே இல்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்பில் இருந்தபோது விருமாண்டியிடமிருந்து போன் வந்தது. ஐரின் சாக்பீஸைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போனாள். பொக்லைன் இயந்திரம் பாதித் தரையை வழித்து முடித்திருந்தது. வேரோடு பெயர்ந்த புல்லும் நெருஞ்சியும் மண்ணோடு மண்ணாக ஓரத்தில் மேடாகக் கிடந்தன. மஞ்சள் பூக்கள் இன்னும் வாடக்கூட இல்லை. ஐரின் ஓடிப்போய் இயந்திரத்தின் முன்னால் நின்றாள். ஓட்டுநர் அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"அக்கா, நான் என்ன செய்யட்டும்? இன்னைக்குள்ள முடிக்கணும்னு சொல்லிட்டாங்க. நீங்க அவங்கள்ட்டப் பேசுங்க."

அவள் சௌரிராஜனுக்குப் போன் செய்தாள். கூட்டத்தில் இருந்தார். பாலமுரளிக்குச் செய்தாள். எடுத்தான்.

"மேடம், ஆய்வுக்காகத்தான்…"

"எத ஆய்வு பண்ணப் போறீங்க? எத? மண்ணையா?"

அவன் தாழ்ந்த குரலில் சொன்னான். "மேடம், உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். அங்க வரப்போற கட்டடம் எங்களோடதுதான். வண்ணத்துப்பூச்சி அடையாள மாளிகை."

ஐரின் போனைக் கீழே இறக்கினாள். அவள் முன்னால், வழித்த தரையின் மேல், புல் நீலன்கள் இன்னும் பறந்துகொண்டிருந்தன. முட்டையிட இலை தேடிச் சக்கரத் தடத்தில் உட்கார்ந்தன, எழுந்தன, சற்றுத் தள்ளி மறுபடி உட்கார்ந்தன. அவளுக்கு அழுகை வரவில்லை. விருமாண்டி ஆடுகளை ஓட்டிக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். மதியத்துக்கு மேல் அவளை லாசர் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அதுவரை பொக்லைன் ஓடவில்லை. அவள் போனதும் ஓடியது.

அடுத்த மழைக்கு ஐரின் மலையைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். சாதாரணப் புல் நீலன்கள் இருந்தன. புள்ளி ஒட்டியவை ஒன்றுகூட இல்லை. மலைப்பக்கம் இருக்கிறதா என்று சிறுமலைக்கும் போனாள். அங்கே இருந்த வகையின் புள்ளிகள் வேறு மாதிரி ஒட்டியிருந்தன. அப்போதுதான் அவள் கேள்விக்கு விடை கிடைத்தது. மலையிலிருந்து வந்ததில்லை, மழைக்கால மாற்றமும் இல்லை. இந்தப் புல்லுக்கே உரியதுதான். விடையைச் சொல்ல இப்போது பூச்சி இல்லை.

மாளிகை பாதி எழும்பியபோது வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. சௌரிராஜன் தன் அறையில் எழுந்து நின்று அவளை வரவேற்றார்.

"வாழ்த்துகள்! உங்க பூச்சி தனி வகைன்னு வாரியம் உறுதி செஞ்சிருக்கு. மதுரை வகை!"

"எதப் பாத்து உறுதி செஞ்சீங்க?"

"உங்க போட்டோவத்தான்."

"போட்டோ செல்லாதுன்னீங்களே?"

பாலமுரளி தரையைப் பார்த்துக்கொண்டு விளக்கினான். "உயிரோட இருக்கற வகைக்குத்தான் மேடம் மாதிரி வேணும். அழிஞ்சு போன வகைக்குப் போட்டோ போதும்."

"இருந்திருந்தா ஆயிரம் சிக்கல்" என்றார் சௌரிராஜன். "திண்டுக்கல்காரன் உரிமை கேப்பான். பாதுகாக்கணும்பாங்க. எண்ணிக்கை எடுக்கணும்பாங்க. இப்ப பாருங்க, ஒரு பிரச்சனையும் இல்லாத வகை. நிறைவா முடிஞ்சிருச்சு. கண்டுபிடிச்சவங்கங்கற முறையில உங்க பேரையே வைக்கலாம்னு தீர்மானம். ஐரின் புல் நீலன். எப்படி?"

ஐரின் அந்த அறையில் யாரையாவது அடித்திருக்கலாம். மேசைமேல் கண்ணாடிப் பேப்பர் வெயிட் ஒன்று கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு மிகவும் மெதுவாகப் பேசினாள்.

"எம் பேரு வேணாம் சார். நான் சும்மா பாத்தேன், அம்புட்டுத்தான். அந்தப் பூச்சி இன்னைக்கு இந்த நெலமைல இருக்குன்னா அதுக்கு நீங்கதான் காரணம். உங்க பேருதான் பொருத்தம்."

சௌரிராஜனின் முகம் சிவந்தது. கோபமில்லை, கூச்சம்.

"நீங்களே முன்மொழியறீங்களா? நான் கேக்கலையே! பாலமுரளி, நான் கேக்கலைங்கறதையும் சேத்துக் குறிங்க." கைக்குட்டையால் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார். "பெரிய மனசும்மா உங்களுக்கு. வாசல்ல வைக்கிற கல்வெட்டு வாசகத்தையும் நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். அந்த அலுவலகத்துக்கு அலைந்த காலத்தில் அவர்களுடைய மொழி அவளுக்கு நன்றாகவே பழகியிருந்தது. சௌரிராஜன் வாங்கிப் படித்தார். தன் பெயர் வந்த இடங்களில் இரண்டு முறை படித்தார். "ரொம்ப முறையா எழுதியிருக்கீங்க" என்று ஒப்பமிட்டார்.

திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். மாளிகையின் உச்சியில் மஞ்சள் நிற ஃபைபர் வண்ணத்துப்பூச்சி. அதைச் செய்தவர் அதற்கு எட்டுக் கால் வைத்துவிட்டிருந்தார். முற்றம் முழுக்கச் சிமெண்டுக் கல். ஊர்க்காரர்கள் பின்வரிசைகளில் இருந்தார்கள். விருமாண்டி தூணில் சாய்ந்து நின்றார். புல் இல்லாததால் அவர் ஆடுகளில் பாதியை விற்றிருந்தார். கடையை அடைத்துவிட்டு லாசரும் வந்திருந்தார். சௌரிராஜன் பட்டுத் திரையை விலக்க, கருங்கல்லில் பொன்னெழுத்துகள் மின்னின. பாலமுரளி ஒலிபெருக்கியில் வாசித்தான்.

"சௌரிராஜன் புல் நீலன். மதுரைச் சமவெளிக்கே உரிய வகை. உலகில் இவ்விடத்தில் மட்டுமே வாழ்ந்தது."

கைதட்டல். சௌரிராஜன் கும்பிட்டார்.

"வாரியத் தலைவர் திரு. சௌரிராஜன் அவர்களின் நேரடி ஆய்வைத் தொடர்ந்து, அன்னாரின் ஆணையின்படி, பொக்லைன் இயந்திரத்தின் உதவியுடன்…" பாலமுரளியின் குரல் தடுமாறியது. கூட்டத்தில் ஐரினைத் தேடினான். அவள் எழுந்து நின்றிருந்தாள். அவன் இன்னும் உரக்க, ஒவ்வொரு சொல்லாக வாசித்து முடித்தான். "இவ்வகை, இவ்விடத்திலேயே, ஒன்றுவிடாமல் நிறைவு செய்யப்பட்டது."

முன்வரிசை பழக்கத்தில் கைதட்டத் தொடங்கி, பாதியில் நின்றது.

"அப்ப அந்தப் பூச்சிய அழிச்சது இவருதானா?" என்று விருமாண்டி பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல் அவருக்கு.

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர் ஒருவராக எழுந்து, கல்லுக்கு அருகே வந்து, தாங்களாகவே படிக்க ஆரம்பித்தார்கள். படித்தவர்கள் திரும்பிச் சௌரிராஜனைப் பார்த்தார்கள். சௌரிராஜன் கும்பிட்ட கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நின்றார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஐரினிடம் வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னம்மா இது… அந்தக் கடைசி வரி…"

"பொய்யா ஏதாச்சும் இருக்கா சார்?" என்றாள் ஐரின். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "இருந்தாச் சொல்லுங்க. இப்பவே திருத்திருவோம்."

சௌரிராஜன் திரும்பிக் கல்லைப் பார்த்தார். முதல் வரியிலிருந்து படித்தார். உதடுகள் அசைந்தன. கடைசிவரை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். திருத்துவதற்கு ஒரு சொல்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.